கெட்டிப் பாறைக்கு இளகிய பிட்

படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மண் பரிசோதனை நிறுவனம் ஒன்றில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஓரிடத்தில் என்எக்ஸ் அளவில், அதாவது சுமார் 76 மில்லிமீட்டர் துளை போட்டு, கோர் எனும் பாறைத் தண்டை எடுக்கிறீர்கள். ஒன்பதாவது மீட்டரில் கருநீலப் பாறை வந்தது. புது வைர பிட், அதாவது துளையின் அடியில் சுற்றி அறுக்கும் முனை, முதல் அரை மீட்டரை ஒழுங்காக அறுத்துவிட்டு, அப்புறம் நிமிடத்துக்கு 600 சுற்றில் இரண்டு மணி நேரம் ஓடியும் ஏழு சென்டிமீட்டர்தான் இறங்கியது. மேலே எடுத்துப் பார்த்தால் பிட் உடையவில்லை, எரியவில்லை, புதுசு போலவே இருக்கிறது. "இன்னும் அதிக வைரமும் இன்னும் கெட்டியான உலோகமும் போட்டு ஒரு பிட் செய்து வாங்கினால் இறங்குமா? இவ்வளவு கடினமான பாறைக்கு பிட்டை எப்படி வடிவமைக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இறங்காது. உங்களுக்கு வேண்டியது நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிரான பிட்: வைரம் குறைவாக, அதைப் பிடித்திருக்கும் உலோகம் இளகலாக. ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. உலகத்திலேயே கடினமான பொருளை வைத்துத் தேய்த்தும் பாறை ஏன் அறுபடவில்லை? அதற்கு விடை தெரிந்தால் வடிவமைப்பு பற்றிய மீதி எல்லாம் தானாக வந்துவிடும். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

நான் எதுவரை பேசலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருவொற்றியூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கிறேன். படித்தது டிப்ளமா மெக்கானிக்கல். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக கோர் பிட்டும், கிரானைட் அறுக்கும் பிளேடுகளின் விளிம்பில் ஒட்டும் வைரத் துண்டுகளான செக்மென்ட்டும் செய்கிறேன். என் பிட்டுகள் போன ஆழம் அதிகபட்சம் 300 மீட்டர். எண்ணெய்க் கிணறு, பல கிலோமீட்டர் ஆழம், அங்கே இருக்கிற வெப்பம் இதெல்லாம் என் அனுபவத்துக்கு வெளியே. போர்வெல் வண்டியையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் இருப்பது டங்ஸ்டன் கார்பைடு பொத்தான் வைத்த சுத்தியல் பிட். அது பாறையை அடித்து நொறுக்கும். நம்முடையது தேய்த்து அறுத்து, நடுவில் இருக்கும் பாறைத் தண்டை முழுசாக வெளியே கொண்டுவர வேண்டும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் "அம்மி கொத்தலையோ அம்மி" என்று கூவிக்கொண்டு ஓர் அம்மா வருவார். அம்மி உடைந்துபோனதற்காக யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். வழவழவென்று ஆகிவிட்டது, மிளகாய் அரைபடாமல் வழுக்குகிறது என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் உட்கார்ந்து உளியால் பொளிந்துவிட்டுப் போனதும் அதே கல் மறுபடியும் அரைக்கும். உங்கள் பிட்டுக்கு வந்திருப்பதும் இந்த நோய்தான். ஒன்பது மீட்டர் ஆழத்தில் இறங்கிக் கொத்திவிட ஆள் கிடையாது என்பதால், தன்னைத்தானே கொத்திக்கொள்ளும் பிட்டாகச் செய்ய வேண்டியிருக்கிறது. மிகக் கடினமான பாறைக்கு பிட் வடிவமைப்பது என்பது முக்கால் பங்கு இதுதான்: அது எவ்வளவு வேகமாகத் தேய வேண்டும் என்று தீர்மானிப்பது.

பிட்டின் முனையை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். மோதிரத்தில் பதித்த கல் மாதிரி வைரம் மேலாக மட்டும் இருக்காது. கடலை மிட்டாயில் கடலை கிடப்பது போல, மேலிருந்து அடிவரை உலோகக் கலவைக்குள் கலந்து கிடக்கும். ஒவ்வொன்றும் சர்க்கரைத் துகள் அளவு. இதை இம்ப்ரெக்னேட்டட் பிட் என்பார்கள். அந்த உலோகக் கலவைக்குப் புத்தகத்தில் மேட்ரிக்ஸ் என்று பெயர், பட்டறையில் பாண்டு என்போம். மேலே தலைநீட்டிக்கொண்டிருக்கும் வைரங்கள் அறுக்கும், அறுத்து அறுத்து மழுங்கும். அதே நேரத்தில் சுற்றியிருக்கும் பாண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். மழுங்கிய வைரம் பிடிப்பிழந்து உதிர்ந்துவிடும், அடியிலிருந்து அடுத்தது தலைநீட்டும். நன்றாக வேலை செய்யும் பிட்டில் ஒவ்வொரு வைரத்தின் பின்னாலும் வால்நட்சத்திரம் போல ஒரு சின்ன உலோக வால் தெரியும். அந்த வால்தான் வைரத்துக்கு முட்டுக்கொடுக்கிறது. உங்கள் பிட்டில் வாலும் இருக்காது, தலையும் இருக்காது. விரலை வைத்துத் தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்கும். உப்புத்தாள் போல விரலைப் பிடித்தால்தான் பிட் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, பாண்டைத் தேய்ப்பது எது? பெரும்பாலும் அறுபட்ட பாறைத்தூள். தண்ணீரோடு சேர்ந்து சேறாகி பிட்டுக்கு அடியில் ஓடும்போது அதுதான் சாணைக்கல்லாக வேலை செய்கிறது. மணற்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சிலதைக் கையாலேயே உதிர்க்கலாம், அவ்வளவு இளகல். ஆனால் உதிர்வதெல்லாம் கூரான குவார்ட்ஸ் மணல், அது பாண்டை மடமடவென்று தின்றுவிடும். அதனால் மணற்கல்லுக்குக் கெட்டியான பாண்டு போட வேண்டும். இதற்கு மறுகோடி, குவார்ட்சைட் மாதிரி நெருக்கமான நுண்மணிப் பாறை. அதில் விழும் தூள் கோதுமை மாவு போல நைசாக இருக்கும், அதுவும் கொஞ்சமாகத்தான் விழும். பாண்டு தேயாது. பாண்டு தேயாததால் வைரம் தலைநீட்டாது, அதனால் அறுப்பு குறையும், அறுப்பு குறைந்தால் தூள் இன்னும் குறையும். இந்தச் சுழலில் மாட்டினால் பிட் சுற்றிக்கொண்டே இருக்கும், இறங்காது. பாறையின் கடினம் வேறு, அது உலோகத்தை அரிக்கும் குணம் வேறு. பிட் வாங்குகிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பணத்தை விடுகிறார்கள்.

உங்கள் கருநீலப் பாறை சார்னோகைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். கோரைக் கையில் வாங்கிப் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்தின் பாறை அதுதான். இந்தப் பெயரே நம் ஊர்க் கல்லால் வந்தது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னையிலிருந்து கொண்டுபோன கல்லைப் போட்டிருந்தார்கள். 1890களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் அதை ஆராய்ந்து, சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரையும் இருக்கிறது. அதை வெட்டிய தச்சர்களும் இந்தச் சிக்கலோடுதான் மல்லுக்கட்டியிருப்பார்கள். கல் தச்சர் வேலை செய்யும் இடத்தில் பக்கத்திலேயே உலை மூட்டி, மழுங்கிய உளியைக் காய்ச்சிக் காய்ச்சித் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். உளி மழுங்காமல் இருக்க வேண்டும் என்று அவர்கள் ஆசைப்படவில்லை, மழுங்கியதை உடனே கூர்செய்ய ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

வெயில் மழை பட்டுச் சிதையாத சார்னோகைட்டின் அழுத்த வலிமை பெரும்பாலும் 150 முதல் 250 மெகாபாஸ்கல் வரை வரும். வீட்டுத் தளத்துக்குப் போடும் கான்கிரீட் 20 அல்லது 25. பாறை எப்படிப்பட்டது என்று இதிலிருந்தே தெரியும். நாம் வடசென்னையில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். இங்கே எண்ணூரிலும் மணலியிலும் துளை போட்டால் மணலும் களிமண்ணும் வந்துகொண்டே இருக்கும். பிட் இங்கே பிறக்கிறது, அடி வாங்கப் போவது தெற்கே.

நானும் நீங்கள் நினைப்பதைத்தான் ஒருமுறை செய்தேன். தொழில் தொடங்கி மூன்றாவது வருடம். பல்லாவரம் பக்கம் ஒரு கட்டட அஸ்திவார ஆய்வுக்கு என்எக்ஸ் பிட் கேட்டார்கள். கடினமான பாறை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால், கையில் இருந்ததிலேயே நல்ல வைரமாகப் பொறுக்கி, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போட்டேன். கோபால்ட்டும் டங்ஸ்டன் கார்பைடும் அதிகமாகப் போட்டு, அரம் வைத்து ராவினாலும் ஏறாத பாண்டு. பெருமையாக அனுப்பிவைத்தேன். மூன்றாவது நாள் அந்த டிரில்லர் அண்ணன் கும்மிடிப்பூண்டி லோக்கலில் வந்து இறங்கி, பேப்பரில் சுற்றிய பிட்டை என் மேஜையில் வைத்தார். "குத்துவிளக்கு மாதிரி இருக்கு தம்பி, பூஜைக்கு வச்சுக்கங்க" என்றார். கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. அப்புறம் டீ குடித்துக்கொண்டே, தன் பழைய பிட் இப்படி ஆனபோது என்ன செய்தார் என்று சொன்னார். உடைந்த கிரைண்டிங் வீல் துண்டுகளைத் துளைக்குள் போட்டு அதன்மேல் பிட்டை மெதுவாகச் சுற்றவிட்டாராம். துண்டுகள் பாண்டைச் சுரண்டி வைரத்தை வெளியே கொண்டுவந்ததாம். எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வைரத்தை இரட்டிப்பாக்கியது ஏன் தவறு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். இந்தத் தொழிலில் வைரத்தின் அடர்த்தியை ஓர் எண்ணால் சொல்வார்கள். 100 என்றால் ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.4 கேரட், அதாவது கன அளவில் கால் பங்கு வைரம். 50 என்றால் அதில் பாதி. என்எக்ஸ் பிட் சுமார் 76 மில்லிமீட்டர் துளை போட்டு 54 மில்லிமீட்டர் கோர் எடுக்கிறது. தண்ணீர் ஓடும் வெட்டுகளைக் கழித்தால் பாறையில் உட்காரும் பரப்பு ஏறத்தாழ 17 சதுர சென்டிமீட்டர். 50 அடர்த்தியில், 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வைரம் போட்டால் அந்தப் பரப்பில் ஏறக்குறைய 2,500 கல் இருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யாது. மூன்றில் ஒரு பங்கு செய்கிறது என்று வைத்தால் 800 சொச்சம். நீங்கள் 1,200 கிலோ அழுத்தம் கொடுத்தால் ஒரு கல்லுக்கு ஒன்றரை கிலோ கிடைக்கும். அடர்த்தியை 100 ஆக்கினால் அதே அழுத்தம் இரண்டு மடங்கு கல்லுக்குப் பங்குபோகும், ஒன்றுக்கு முக்கால் கிலோ. ஒரு வைரம் பாறைக்குள் இறங்க இவ்வளவு சுமையாவது வேண்டும் என்று ஓர் எல்லை இருக்கிறது. அதற்குக் கீழே போனால் வைரம் பாறையைக் கீறாது, மேலே உரசிக்கொண்டு போகும். உரசினால் சூடாகும், முனை தட்டையாகும். தட்டையானால் இன்னும் அதிகச் சுமை கேட்கும். கணக்கு தோராயமானதுதான், மூன்றில் ஒரு பங்கு என்பது என் அனுமானம். ஆனால் அது போகும் திசையில் சந்தேகமே இல்லை.

வைரத்தின் அளவும் தரமும் அடுத்தது. கடினமும் நெருக்கமும் கூடக்கூடப் பொடி வைரம்தான் போடுவோம், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு கல்லும் எடுக்கும் வெட்டு சில மைக்ரான்தான். பெரிய கல்லைப் போட்டால் அது இறங்கவும் செய்யாது, தட்டையானால் பெரிய தட்டையாக நிற்கும். தரத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. வைரத்தைப் போலக் கடினமானது இல்லை, சரி, ஆனால் சுத்தியலால் தட்டினால் பிளந்துவிடும். படிகத்துக்குள் நான்கு திசைகளில் எளிதாகப் பிளக்கும் தளங்கள் இருக்கின்றன. செயற்கை வைரத்தில், வளர்க்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட உலோகத் துணுக்குகளும் இருக்கும். சூடேறும்போது அவை விரிந்து கல்லை உள்ளிருந்தே விரிசல் விடவைக்கும். அதனால் கடினப் பாறைக்கு, துணுக்கு குறைவான, முகங்கள் ஒழுங்காக அமைந்த, அதிர்ச்சி தாங்கும் ரகம் வேண்டும். 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் செயற்கை வைரம் செய்து காட்டிய பிறகுதான் இப்படி ரகம் பார்த்து வாங்குவது சாத்தியமானது. இன்று பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. என்எக்ஸ் பிட் ஒன்றில் முப்பது கேரட்டுக்கு மேல் போகும். நகைக்கடைக்காரரிடம் சொன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், ஆனால் நம் பொடியின் விலைக்கும் அவர் கல்லின் விலைக்கும் சம்பந்தமே கிடையாது. பிட்டில் செலவு வைப்பது பாண்டும் கூலியும் கரண்டும்தான்.

பாண்டுக்கு வருகிறேன். டங்ஸ்டன் கார்பைடு, இரும்பு, நிக்கல், கோபால்ட், செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலப்பொடி, இவற்றின் விகிதம்தான் ஒவ்வொரு பட்டறையின் ரகசியம். பொடியையும் வைரத்தையும் சொட்டு எண்ணெய் விட்டுக் கலந்து, கிராஃபைட் அச்சில் பிட்டின் உடலான எஃகு ஷாங்கோடு சேர்த்து அடைத்து, அழுத்திக்கொண்டே சூடாக்குவோம். வெண்கலம் அதிகமான கலவைக்கு 750 முதல் 900 டிகிரி வரை. எண்ணெய் விடாமல் கலந்தால் வைரம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், அந்த பிட் ஒருபக்கமாகத் தேயும். வெப்பத்தில் கவனம் தப்பினால் வைரமே கெடும். காற்றுப் பட்டால் 700, 800 டிகிரியில் அது எரியத் தொடங்கும், கரிதானே. இரும்பும் கோபால்ட்டும் பக்கத்தில் இருந்தால் மேற்பரப்பு கிராஃபைட்டாக மாறுவது இன்னும் எளிது. மிகக் கடினமான பாறைக்குக் கார்பைடைக் குறைத்து வெண்கலத்தைக் கூட்டுவோம், சில சமயம் கொஞ்சம் துளைகள் தங்கும்படி அழுத்தத்தையும் குறைப்போம். கிராஃபைட் பொடியையோ, எளிதில் பெயர்ந்து விழும் வேறு துகளையோ வேண்டுமென்றே கலப்பதும் உண்டு. அவை உதிர்ந்த இடத்தில் குழி விழும், முனை சொரசொரப்பாகவே இருக்கும். பிட்டுக்குள்ளேயே அம்மி கொத்துகிறவரை உட்காரவைப்பது போல.

ஆனால் இளக்குவதற்கும் எல்லை உண்டு. ரொம்ப இளகினால் வைரம் பாதி வேலை செய்யும் முன்பே பிடுங்கிக்கொண்டு போய்விடும். டைட்டானியம், குரோமியம் பூச்சுப் பூசிய வைரம் போட்டால் பாண்டு இறுகப் பிடிக்கும் என்பது வேதியியலில் சரிதான். என் பிட்டுகளில் சில தொகுதிகளில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது, சிலவற்றில் பூச்சுக்குக் கொடுத்த காசு வீண். ஆகவே அதைச் சந்தேகத்துக்குரிய பட்டியலில்தான் வைத்திருக்கிறேன்.

முனையின் வடிவத்தில் உங்களுக்கு உதவக்கூடியது தண்ணீர் வெட்டுகள். எண்ணிக்கையையோ அகலத்தையோ கூட்டினால் பாறையில் உட்காரும் பரப்பு குறையும், அதே அழுத்தத்தில் ஒவ்வொரு வைரத்துக்கும் சுமை கூடும், குளிர்ச்சியும் கூடும். உங்கள் ரிக்கால், அதாவது துளையிடும் இயந்திரத்தால், அதிக அழுத்தம் கொடுக்க முடியாது என்றால் இதுதான் மலிவான வழி. முனையில் வட்டவட்டமாக வரிப்பள்ளம் விட்ட பிட்டும் கிடைக்கும். அது தொடக்கத்தில் நன்றாகக் கடிக்கும், ஆனால் வரி தேய்ந்து மட்டமானதும் மற்ற பிட்டுக்கும் அதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. உள்விளிம்பும் வெளிவிளிம்பும் தேயாமல் இருக்கப் பக்கவாட்டில் தனியாக வைரமோ கார்பைடோ வைத்திருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். வெளிவிட்டம் குறைந்துபோன பிட் போட்ட துளையில் அடுத்த புது பிட் இறங்காமல் இறுகி மாட்டும். அந்தப் பாவம் புது பிட்டின் தலையில் விடியும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ரிக்கை ஓட்டுகிறவர் பிட்டைக் கெடுக்க முடியும், நான் செய்த சுமாரான பிட்டைக் காப்பாற்றவும் முடியும். பார்க்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று: ஒரு சென்டிமீட்டர் இறங்க எத்தனை சுற்று ஆகிறது? இம்ப்ரெக்னேட்டட் பிட்டுக்கு 80 முதல் 100 சுற்று நல்லது என்பது தொழிலில் பரவலாக ஒத்துக்கொண்ட கணக்கு. அதைவிட ரொம்பக் கீழே போனால் பிட் வேகமாகக் கரைகிறது. மேலே போகப் போக பாலிஷ் ஆகிறது. மிகக் கடினமான பாறையில் இருநூறு முந்நூறு வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 600 சுற்று, 120 நிமிடம், மொத்தம் 72,000 சுற்று. இறங்கியது ஏழு சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல். முதல் ஐந்து நிமிடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். மீதி நேரம் முழுக்க நீங்கள் செய்தது பிட்டுக்கு பாலிஷ் போடும் வேலை.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொடி வைரம் வேகமாகச் சுற்றினால்தான் நன்றாக அறுக்கும். என்எக்ஸில் 1,000 சுற்று என்றால் வெளிவிளிம்பு வினாடிக்கு 4 மீட்டர் ஓடும். உங்கள் 600 சுற்றுக்கு 2.4 மீட்டர்தான் வருகிறது. பழைய ரிக்குகளில் 400க்கு மேல் போகாது, பிட்டைச் சுற்றவைக்கும் ராடு வளைந்திருந்தால் அதிலேயே நடுங்கும். நடுக்கம் வைரத்தைச் சில்லுச் சில்லாக உடைக்கும். ஆகவே பிட் ஆர்டர் கொடுக்கும்போது பாறையை மட்டும் சொல்லாமல் ரிக்கின் வேகம், அது தரக்கூடிய அழுத்தம், பம்ப்பின் அளவு மூன்றையும் சொல்லுங்கள். சோர்வான ரிக் என்றால் நான் பாண்டை இன்னும் ஒருபடி இளக்கித்தான் கொடுப்பேன்.

இதுவரை சொன்னதில் எது உறுதி? கடினமான, அரிக்காத பாறைக்கு இளகிய பாண்டு, குறைந்த தொடுபரப்பு, தரமான பொடி வைரம், நிற்காத தண்ணீர். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. இதற்கு மேல் எல்லாம் எண்களைச் சொல்லும்போது தடுமாற்றம்தான். பாண்டின் கெட்டித்தன்மையை ராக்வெல் எண்ணில் சொல்வோம், இளகியது 10, 20 பக்கமும் கெட்டியானது 40க்கு மேலும் இருக்கும். ஆனால் ஒரே ராக்வெல் எண் உள்ள இரண்டு பாண்டு ஒரே வேகத்தில் தேய்வதில்லை, பலமுறை பார்த்திருக்கிறேன். அதேபோல் பாறையின் அழுத்த வலிமையை மட்டும் வைத்து பிட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கருப்புக் கல்லில் குவார்ட்ஸ் கிட்டத்தட்ட கிடையாது. பெரிய மணிகளாகக் குவார்ட்ஸ் கிடக்கும் சார்னோகைட் அதே வலிமை காட்டினாலும் பாண்டைக் கொஞ்சமாவது தேய்த்துக்கொடுக்கும், கருப்புக் கல் தேய்த்துக்கொடுக்காது. கோரின் உடைந்த முகத்தில் மணியின் அளவைப் பார்ப்பதும், திரும்பி வரும் தண்ணீரிலிருந்து சேற்றை எடுத்து விரலிடுக்கில் நெருடிப் பார்ப்பதும் எனக்கு ஆய்வுக்கூட அறிக்கையைவிட அதிகம் சொல்லும். நறநறவென்றால் நல்லது. முகப்பவுடர் மாதிரி இருந்தால் இளகிய பாண்டு.

பாறை உடைசலாக இருந்தால் கணக்கு மறுபடியும் மாறும். விரிசல் நிறைந்த இடத்தில் துண்டுகள் பெயர்ந்து பாண்டை அரிக்கும், அங்கே இளகிய பிட் சீக்கிரமே காலியாகும். உங்கள் கோர்ப் பெட்டியில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமான துண்டுகளே வரிசையாக இருந்தால் நான் சொன்னபடி போகலாம். மேலே சிதைந்த பாறை, நடுவில் உருண்டைக் கல், கீழே சிதையாத பாறை என்று கலந்து வந்தால் ஒரே பிட்டால் எல்லாவற்றையும் சமாளிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு ரகம் கையில் இருக்கட்டும். கடையில் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும்: பெரும்பாலான கேட்டலாக்குகளில் பாண்டு வகையை எண்ணால் குறிப்பார்கள், பெரிய எண் என்றால் கடினமான பாறைக்கு உரியது, அதாவது இளகிய பாண்டு. பெரிய எண் கெட்டியான பிட் என்று நினைத்து மாற்றி வாங்கிவந்தவர்களை லிங்கிச் செட்டித் தெருவில் நானே பார்த்திருக்கிறேன். ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொரு கம்பெனியின் எண்ணோடு ஒப்பிடவும் முடியாது.

இளகிய பிட்டுக்கு விலையை ஆயுளில் கொடுக்க வேண்டியிருக்கும், கெட்டியானதைவிடச் சீக்கிரம் தீரும். உங்கள் மேலாளர் முகம் சுளித்தால், ரிக் சும்மா நிற்கும் ஒரு நாளின் வாடகை, டீசல், நான்கு பேர் கூலி எல்லாவற்றையும் கூட்டி, பிட் விலைக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

புது பிட் வாங்குவதற்கு முன் கையில் இருப்பதை ஒருமுறை உயிர்ப்பிக்கப் பாருங்கள், அது சாகவில்லை. பட்டறைக்குக் கொண்டுபோனால் சிலிக்கன் கார்பைடு கல்லால் முனையைத் தீட்டியோ, மணல் பீய்ச்சியோ கொடுப்பார்கள். துளையிலேயே செய்வதானால், சுற்றைப் பாதியாகக் குறைத்து, அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டி, தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, சில சென்டிமீட்டர் மட்டும் ஓட்டுங்கள். தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள். ஒரு நிமிடம் தண்ணீர் நின்றாலும் பிட் எரிந்து பாறையோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ராடுகளையும் சேர்த்து அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான். ஆகவே பக்கத்தில் அனுபவமுள்ள டிரில்லர் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். சேறு திரும்ப வரத் தொடங்கியதும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அரை மீட்டருக்குள் மறுபடியும் பாலிஷ் ஆனால் இரண்டு படி இளகிய பாண்டு, அடர்த்தி 50, தண்ணீர் வெட்டு இப்போது இருப்பதைவிட இரண்டு கூடுதலாக என்று எழுதி ஆர்டர் கொடுங்கள். இரண்டு மீட்டர் தாங்கினால் ஒரு படி போதும்.